என்ஜின் காரில் எப்படி உட்கார்ந்திருக்கிறது? மவுண்டிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற ஆள் எல்லா இடத்திலும் ஒருவர் இருப்பார். எங்கள் இடத்தில் அது நான். தொழில்முறை மெக்கானிக் இல்லை, சொந்தக் காசு நிறையப் போனதில் கற்றுக்கொண்டவன், அவ்வளவுதான். போகிற வருகிறவர்கள் நின்று கேட்கிற கேள்விகளில் பாதிக்கு மேல் "வண்டி நடுங்குது, என்ன பண்றது" என்கிற ரகம். அதனால் திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

என்ஜினை போல்ட் போட்டு இறுக்கித்தானே வைத்திருக்கிறார்கள்? அப்புறம் அது எப்படி ஆடும்?

போல்ட் இருக்கிறது. ஆனால் என்ஜினின் இரும்பும் காரின் இரும்பும் எங்கேயும் நேரடியாகத் தொட்டுக்கொள்வதில்லை. என்ஜினிலிருந்து ஒரு பிராக்கெட் நீளும், பாடியிலிருந்து ஒரு பிராக்கெட் நீளும், இரண்டுக்கும் நடுவில் ரப்பர் வைத்த ஒரு துண்டு உட்கார்ந்திருக்கும். அந்தத் துண்டுதான் மவுண்டிங். கயிற்றில் கட்டிய மாடு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்: கயிற்றின் நீளத்துக்கு அசையலாம், அதைத் தாண்டி வாலாட்ட முடியாது.

ஏன் இந்த ஏற்பாடு என்றால், என்ஜின் சும்மா சுற்றுகிற சாமான் இல்லை. உள்ளே பிஸ்டன்கள் மேலும் கீழும் அடிக்கின்றன, ஒவ்வொரு முறை பெட்ரோல் எரியும்போதும் அந்த அடியைச் சுழற்சியாக்குகிற கிராங்க் ஷாஃப்ட்டுக்கு ஒரு தள்ளு விழுகிறது, அதே தள்ளு எதிர்த்திசையில் என்ஜின் உடம்புக்கும் விழுகிறது. கியர் பாக்ஸோடு சேர்த்து நூறு கிலோவுக்கு மேல் இருக்கிற அந்தக் கட்டியை அப்படியே இரும்போடு இரும்பாக இறுக்கிவிட்டால் காரே தகரடப்பா மாதிரி அதிரும், ஸ்டீயரிங்கில் கை மரத்துப் போகும், கொஞ்ச நாளில் பிராக்கெட்டோ பாடியோ விரிசல் விடும். ஆடவிட்டால்தான் தாங்கும். எவ்வளவு ஆட வேண்டும், எந்தப் பக்கம் ஆட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதுதான் மவுண்டிங்கின் வேலை.

குறுக்கு என்ஜின், நெடுக்கு என்ஜின் என்கிறார்களே, என்ன அது?

கிராங்க் ஷாஃப்ட் எந்தத் திசையில் கிடக்கிறது என்பதுதான் விஷயம். காரின் நீளவாக்கில் கிடந்தால் நெடுக்கு, ஒரு முன்சக்கரத்திலிருந்து மறு முன்சக்கரத்தை நோக்கிக் கிடந்தால் குறுக்கு.

அம்பாசடர், பத்மினி, நம்ம சென்னையிலேயே வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் எல்லாமே நெடுக்கு. முன்னால் என்ஜின், அதன் வாலில் கியர் பாக்ஸ், அங்கிருந்து கீழே நீளமாக ஒரு ஷாஃப்ட் போய் பின் ஆக்ஸிலைச் சுற்றும். பின்சீட்டில் நடுவில் உட்கார்ந்தவர் காலை விரித்து வைத்துக்கொண்டு வர வேண்டியிருந்ததற்கு அந்த ஷாஃப்ட் போகிற மேடுதான் காரணம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது என்ஜினைக் குறுக்கே படுக்க வைத்து, கியர் பாக்ஸைப் பக்கத்திலேயே ஒட்டி, முன்சக்கரத்தை ஓட்டவிட்டார்கள். ஷாஃப்டும் இல்லை, மேடும் இல்லை. அம்பாசடர் 4.3 மீட்டர் நீளம், 800 அதைவிட ஏறத்தாழ ஒரு மீட்டர் குட்டை. ஆனாலும் வீட்டில் நாலு பேரும் ஒரு பாட்டியும் அதில் திருப்பதி போய் வந்தார்கள்.

இதை மாருதி கண்டுபிடிக்கவில்லை, சுசூகியும் கண்டுபிடிக்கவில்லை. பெட்ரோல் தட்டுப்பாடு வந்த 1956 சூயஸ் நெருக்கடிக்குப் பிறகு இங்கிலாந்தில் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959இல் வந்த மினிதான் இந்த யோசனையை ஊரறியச் செய்தது. மூன்று மீட்டர் சொச்ச நீளத்தில் நாலு பேர் உட்கார இடம் வேண்டும் என்று என்ஜினைக் குறுக்கே திருப்பினார். கியர் பாக்ஸுக்கு இடம் போதாமல் அதை என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற தொட்டியான சம்ப்புக்குள்ளேயே வைத்தார், இரண்டுக்கும் ஒரே ஆயில். பார்க்க சாமர்த்தியம்தான், பராமரிக்கிறவனுக்குத் தலைவலி. இன்றைக்கு நம் கார்களில் இருக்கிற மாதிரி கியர் பாக்ஸை என்ஜினின் நுனியில் ஒட்டுகிற முறையை வழக்கமாக்கியது ஃபியட்காரரான தாந்தே ஜகோசா. 1964இல் ஆட்டோபியாங்கி பிரிமுலாவில் செய்து பார்த்துவிட்டு 1969இல் ஃபியட் 128இல் கொண்டு வந்தார். நம் பத்மினி எந்த ஃபியட் 1100இன் வாரிசோ அதே கம்பெனி. அங்கே அவர்கள் குறுக்கே திரும்பிப் பல வருஷம் கழித்தும் இங்கே நாம் நெடுக்கே ஓட்டிக்கொண்டிருந்தோம்.

என் கார் எந்த வகை என்று எப்படிப் பார்ப்பது?

பானெட்டைத் திறந்து பெல்ட் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். பெல்ட் ரேடியேட்டரைப் பார்த்தபடி முன்பக்கம் ஓடினால் நெடுக்கு. ஏதாவது ஒரு சக்கரத்தைப் பார்த்தபடி பக்கவாட்டில் ஓடினால் குறுக்கு. மேலே பிளாஸ்டிக் மூடி போட்டு மறைத்திருந்தாலும் பெல்ட்டை மறைக்க முடியாது.

இன்னொரு குறிப்பு: சாதாரண ஹேட்ச்பேக், சின்ன செடான் என்றால் திறந்தே பார்க்க வேண்டாம், குறுக்குதான். பொலேரோ, ஸ்கார்பியோ, பழைய இன்னோவா, கிரிஸ்டா எல்லாம் நெடுக்கு. 2022இல் வந்த இன்னோவா ஹைகிராஸ் குறுக்குக்கு மாறிவிட்டது. பெயர் ஒன்றுதான், கீழே ஆளே வேறு.

எதற்காக எல்லோரும் குறுக்குக்கு மாறினார்கள்? இடம் மட்டும்தான் காரணமா?

இடம் முதல் காரணம். இரண்டாவது, நெடுக்கு என்ஜினில் சுற்றும் விசையை ஆக்ஸிலில் 90 டிகிரி திருப்பியாக வேண்டும், அதற்குக் கிரௌன் வீல், பினியன் என்று விசேஷ கியர்கள், அங்கே கொஞ்சம் சக்தி உராய்வில் போகும். குறுக்கு என்ஜினில் கிராங்க் ஷாஃப்டும் சக்கரமும் ஒரே போக்கில் சுற்றுவதால் திருப்பவே வேண்டாம். மூன்றாவது, தொழிற்சாலையில் என்ஜின், கியர் பாக்ஸ், ஆக்ஸில் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கீழேயிருந்து தூக்கி மாட்டிவிடலாம்.

கெடுதலும் உண்டு. கியர் பாக்ஸ் ஒரு பக்கம் ஒதுங்கியிருப்பதால் இரண்டு ஆக்ஸில் ஷாஃப்டும் ஒரே நீளத்தில் வருவதில்லை. சக்தி அதிகமான காரில் ஆக்ஸிலரேட்டரை ஒரே மிதியாக மிதித்தால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுப்பதற்கு இது ஒரு காரணம். அப்புறம் ரேடியேட்டர் ஃபேன். அம்பாசடரில் ஃபேன் பெல்ட்டிலேயே ஓடியது, என்ஜின் ஓடினால் ஃபேன் ஓடும். குறுக்கு என்ஜினில் பெல்ட் பக்கவாட்டில் போய்விட்டதால் ரேடியேட்டருக்கென்று தனி எலக்ட்ரிக் ஃபேன். மே மாசம் மத்திய கைலாஷ் சிக்னலில் அந்த ஃபேன் மோட்டாரோ ரிலேயோ கைவிட்டால் டெம்பரேச்சர் முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டியதுதான்.

ஆம்னி, நானோ, பஸ் இதெல்லாம் எந்தக் கணக்கு?

ஆம்னியில் என்ஜின் முன்சீட்டுக்கு அடியில், பின்சக்கரம் ஓடும். சீட்டைத் தூக்கினால்தான் என்ஜின் தெரியும், மதிய வெயிலில் டிரைவருக்கு அடியில் அடுப்பு. 2009இல் வந்த நானோவில் 624 சிசி, இரண்டு சிலிண்டர், பின்சீட்டுக்குப் பின்னால். டிக்கி என்று நினைத்து முன்னால் திறந்தால் ஸ்டெப்னி இருக்கும்.

பஸ் என்றால், பழைய மாநகர பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கிற சூடான என்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்து தி.நகர் வரை போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தாழ்தளப் பேருந்தில் என்ஜினைப் பின்னால் தள்ளிவிட்டதால்தான் முன்பக்கம் தரை அவ்வளவு கீழே இறங்க முடிந்தது.

ஒரு காரில் மவுண்டிங் எத்தனை இருக்கும்? எங்கே தேடுவது?

சாதாரணமாக மூன்று அல்லது நாலு.

நெடுக்கு என்ஜினில் சுலபம்: என்ஜினின் இடுப்பில் இடமும் வலமும் ஒவ்வொன்று, கியர் பாக்ஸின் வாலில் பாடியின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பர் மேல் ஒன்று. முக்காலி கணக்கு.

குறுக்கு என்ஜினில் இப்போது பரவலாக இருப்பது தொங்கவிடும் முறை. பெல்ட் இருக்கிற பக்கம் மேலே ஒன்று, மறுகோடியில் கியர் பாக்ஸுக்கு மேலே ஒன்று, இந்த இரண்டும் எடையைத் தாங்கும். மூன்றாவது கீழே, கியர் பாக்ஸுக்கும் பாடிக்கு அடியில் இருக்கிற இரும்புச் சட்டமான சப்ஃபிரேமுக்கும் நடுவில், நாய் கடிக்கிற எலும்பு மாதிரி இரண்டு முனையிலும் உருண்டையாக ரப்பர் புஷ் வைத்த சின்னக் கம்பி. டார்க் ராடு என்பார்கள், கடையில் "கீழ் மவுண்டிங்" என்று கேட்டாலும் புரிந்துகொள்வார்கள். இது எடையே தாங்காது. என்ஜின் முன்னும் பின்னும் உருளாமல் பிடித்து வைப்பது மட்டும்தான் இதன் வேலை, ஆனால் நான் பார்த்த வரை முதலில் சாவதும் இதுதான்.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சின்ன கார் என்ஜின் 110 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) தருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கியர் விகிதம் 3.5, சக்கரத்துக்கு முந்தைய கடைசி கியரான ஃபைனல் டிரைவ் 4. இரண்டையும் பெருக்கினால் 14 மடங்கு, அதாவது சக்கரத்தில் சுமார் 1540. குறுக்கு என்ஜினில் ஃபைனல் டிரைவும் அதே கியர் பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே இருப்பதால் அந்த 1540இன் எதிர்விசை முழுக்க மவுண்டிங்குகளின் தலையில்தான் விழும். நெடுக்கு என்ஜினில் ஃபைனல் டிரைவ் பின் ஆக்ஸிலில் இருப்பதால் மவுண்டிங்குக்கு வருவது 110 பெருக்கல் 3.5, அதாவது 385. மீதியை ஆக்ஸிலும் பட்டை ஸ்பிரிங்கும் வாங்கிக்கொள்ளும். இப்போது கத்திப்பாராவிலிருந்து போரூர் வரை சாயங்காலம் எத்தனை முறை முதல் கியரில் கிளட்சை விட்டு நகர்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அத்தனை முறையும் அந்தக் குட்டிக் கம்பியின் ரப்பர் பிதுங்கி மீள்கிறது.

மவுண்டிங்குக்குள் வெறும் ரப்பர்தானா?

விலை குறைந்த காரில் ஆமாம், இரும்போடு ஒட்டிய ரப்பர். கொஞ்சம் மேலே போனால் உள்ளே திரவம் இருக்கும். இரண்டு அறை, நடுவில் மெல்லிய வழி, கிளைகால் என்கிற ரசாயனம் கலந்த திரவம். என்ஜின் பெரிதாக ஆடும்போது திரவம் அந்தச் சந்து வழியாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் ஆட்டம் அடங்கும், சின்னச் சின்ன வேக அதிர்வுக்கு அது குறுக்கே வராமல் மெத்தென்று விட்டுக்கொடுக்கும். ரப்பருக்கு இந்த இரட்டை குணம் வராது. மெத்தென்று வைத்தால் பள்ளத்தில் என்ஜின் குதிக்கும், கெட்டியாக வைத்தால் சிக்னலில் நடுங்கும். விலை கூடிய சில கார்களில் ஓட்டத்துக்குத் தகுந்தபடி தானே கெட்டியாகிற எலக்ட்ரானிக் மவுண்டிங்கும் உண்டு. அது போனால் பில்லைப் பார்த்து நமக்கு நடுக்கம் வரும்.

ரப்பரில் தொங்கவிடுவது நல்லது என்பதையே கார் உலகம் மெதுவாகத்தான் ஏற்றுக்கொண்டது. 1931இல் அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி தன் பிளிமத் காரில் என்ஜினை ரப்பரில் மிதக்க விட்டு, அதற்கு "மிதக்கும் சக்தி" என்று பொருள்படுகிற பெயர் வைத்து விளம்பரமே செய்தது. எங்கேயாவது இரண்டு இடத்தில் ரப்பர் வைத்தால் போதாது, என்ஜின் தானாக எந்த அச்சில் உருள விரும்புகிறதோ அந்த அச்சின் இரண்டு முனையில் பிடிக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் பிடித்த சூட்சுமம். இன்றைய டிசைன்காரர்களும் அந்த அச்சைக் கணக்குப் போட்டுத்தான் மவுண்டிங்கின் இடத்தைக் குறிக்கிறார்கள். அதனால்தான் "நம்ம இஷ்டத்துக்கு ஒரு பிராக்கெட் வெல்டு வெச்சிடலாம் சார்" என்று யாராவது சொன்னால் நான் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

ஏசி போட்டு சிக்னலில் நின்றால் நடுங்குகிறது. மவுண்டிங்தானா?

இருக்கலாம். ஆனால் முதலில் உங்கள் கார் மூன்று சிலிண்டரா என்று பாருங்கள். மூன்று சிலிண்டர் என்ஜின் 800 ஆர்.பி.எம்மில் (நிமிடத்துக்கு 800 சுற்று) நிற்கும்போது விநாடிக்கு 20 முறை எரிகிறது, நாலு சிலிண்டர் 750இல் நின்றாலும் 25 முறை. எண்ணிக்கை குறையக் குறைய ஒவ்வொரு அடியும் தனித்தனியாக உடம்புக்குத் தெரியும், அதோடு மூன்று சிலிண்டரில் முன்னும் பின்னும் மாறி மாறித் தூக்கியடிக்கிற பழக்கமும் உண்டு. கொஞ்சம் நடுக்கம் அதன் ஜாதகம். ஏசி கம்பிரசர் சுமை ஏறியதும் அது கூடுவதும் இயல்பு. "போன வருஷம் இப்படி இல்லையே" என்று தோன்றினால்தான் விஷயம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கார் பெயரும் வேண்டாம், ஒர்க்‌ஷாப் பெயரும் வேண்டாம். எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. சிக்னலில் நடுக்கம், முதல் கியர் போட்டு நகரும்போது கீழே "டொப்" என்று ஒரு சத்தம். முதல் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பார்க் பிளக் மாற்றினார்கள், இன்ஜெக்டர் கிளீனிங் என்று ஒரு பில். நடுக்கம் அப்படியே. இரண்டாவது இடத்தில் "கிளட்ச் ஜடர் சார்" (கிளட்ச் பிடிக்கும்போது உதறுவது) என்று கிளட்ச் செட்டையே மாற்றினார்கள், ஐந்து இலக்கத்தில் பணம் போனது. பத்து நாள் நன்றாக இருந்த மாதிரி ஒரு பிரமை, அப்புறம் பழைய டொப். கடைசியில் பழைய கார் சாமான்களுக்குப் பேர்போன புதுப்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறை, தகரக் கூரை, வயசான ஒருவர். சத்தத்தைச் சொன்னதும் பானெட்டைத் திறந்தார்.

"சார், உள்ள உக்காருங்க. கை பிரேக்க போட்டு, ஃபர்ஸ்ட் கியர்ல லேசா கிளட்ச விடுங்க. வண்டி நகரக் கூடாது."

"போதுமாண்ணே?"

"போதும், போதும். இப்ப நீங்க வந்து நில்லுங்க, நான் உக்கார்றேன். நேரா முன்னாடி நிக்காதீங்க, ஓரமா."

அவர் கிளட்சை விட்டபோது என்ஜினின் தலை கண்ணாடிப் பக்கமாக இரண்டு விரல்கடை சாய்ந்து போய் நின்றது. ரிவர்ஸில் அதே அளவு முன்னால் வந்தது. கீழே படுத்து டார்க் ராடைக் கழற்றிக் கையில் கொடுத்தார்: ரப்பர் ஒரு பக்கம் முழுசாகக் கிழிந்து, நடு இரும்புக் குழாய் வெறுமனே கடகடவென்று ஆடியது. என்ஜின் போய் இடிக்கிற அந்த இடத்தில் இரும்பு பளபளவென்று தேய்ந்திருந்தது, அதுதான் என் டொப். புது ராடுக்கும் கூலிக்கும் சேர்த்து ஆன செலவு அந்த இன்ஜெக்டர் கிளீனிங் பில்லைவிடக் குறைவு.

அப்போ மவுண்டிங் கோளாறா, என்ஜின் கோளாறா என்று நானே எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

என்ஜின் ஓடுகிற சத்தத்தைக் கேளுங்கள். சத்தம் சீராக இருந்து சீட்டும் ஸ்டீயரிங்கும் மட்டும் நடுங்கினால் மவுண்டிங் பக்கம் சந்தேகப்படலாம். சத்தமே தடுக்கித் தடுக்கி வந்தால் பிளக், காயில், திராட்டில் பாடி என்று அந்தப் பக்கம் போங்கள்.

ஆட்டோமேட்டிக் கார் என்றால் இன்னும் சுலபம். பிரேக்கை மிதித்தபடி டி (டிரைவ்) கியரில் வைத்து நடுக்கத்தைக் கவனியுங்கள், அப்படியே நியூட்ரலுக்கு மாற்றுங்கள். பட்டென்று அடங்கினால் ஏதோ ஒரு மவுண்டிங் இழுவையில் பிதுங்கி இரும்போடு முட்டிக்கொண்டிருக்கிறது.

மேனுவல் காரில் மேலே சொன்ன கிளட்ச் சோதனை. இரண்டு பேர் வேண்டும், சமதரை வேண்டும், கை பிரேக் பிடிக்கிறதா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள், காருக்கு நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது. ஒரு நொடிக்கு மேல் கிளட்சைத் தேய்க்காதீர்கள். லேசாகச் சாய்வது எல்லாக் காரிலும் இருக்கும். குதிப்பதும் இடிப்பதும்தான் கூடாது. ஓட்டும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டு விட்டு மிதித்தால் கியர் லிவர் தானாக முன்னும் பின்னும் நடனமாடுகிறதா என்பதும் ஒரு அடையாளம். திரவ மவுண்டிங் என்றால் அடியில் கறுப்பாக ஒழுகின தடம் இருக்கும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

கிலோமீட்டர் கணக்கு கிடையாது. போகும்போது மாற்றுவதுதான். ஹைவேயிலேயே ஓடின கார் லட்சம் தாண்டியும் முதல் செட்டிலேயே ஓடும், ஊருக்குள்ளேயே மெட்ரோ வேலைப் பள்ளங்களில் குதித்த கார் அதில் பாதியிலேயே கேட்கும். ரப்பருக்குச் சூடும் வயசும் எதிரி, ஓடாமல் நின்றாலும் வெடிக்கும். அதைவிடப் பெரிய எதிரி ஆயில். மேலே வால்வ் கவர் கேஸ்கெட்டிலிருந்து ஒழுகி மவுண்டிங் மேல் சொட்டிக்கொண்டிருந்தால் ரப்பர் ஊறி உப்பி, பழைய அதிரசம் மாதிரி பிய்ந்துவிடும். ஒழுகலை அடைக்காமல் மவுண்டிங்கை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

ஒன்று போனால் எல்லாவற்றையும் மாற்றணுமா?

வயசான காரில், கையில் பணமும் இருந்தால் சேர்த்து மாற்றுவது நல்லதுதான், ஒன்று செத்தபோது மற்றவை அதன் வேலையையும் சேர்த்துச் சுமந்திருக்கும். ஆனால் நான் முதலில் கீழ் டார்க் ராடை மட்டும் மாற்றி ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பேன், விலையும் குறைவு, வேலையும் அரைமணி நேரம். டைமிங் பெல்ட் மாற்றுகிற முறை வந்தால், பல குறுக்கு என்ஜின்களில் அந்தப் பக்க மவுண்டிங்கைக் கழற்றித்தான் ஆக வேண்டும், அப்போதே அதையும் பார்த்துவிடலாம், கூலி மிச்சம்.

ஒரிஜினலா, வெளி சரக்கா, புதுப்பேட்டை பழசா?

ஒரிஜினல். இந்த ஒரு சாமானில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. வெளி சரக்கு பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், ரப்பரின் கெட்டி வேறாக இருக்கும், போட்ட மறுநாளே "முன்னைவிட அதிகமா நடுங்குதே" என்று வருவார்கள். மவுண்ட் ரோட்டை ஒட்டிய ஜி.பி. ரோட்டில் விசாரித்தால் கார் கம்பெனிக்கே சப்ளை செய்கிறவர்களின் சரக்கு அவர்கள் பெட்டியில் குறைந்த விலைக்குக் கிடைக்கும், அதில் தப்பில்லை. பழைய மவுண்டிங்கைக் கையோடு எடுத்துப்போங்கள், ஒரே மாடலில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் வேறு வேறு வரும். புதுப்பேட்டையில் பழைய பிராக்கெட் வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம், கதவே வாங்கலாம். பழைய ரப்பரை வாங்காதீர்கள், நம்மிடம் இருப்பதும் பழைய ரப்பர்தானே.

நின்றுபோன பழைய மாடலுக்கு வேறு வழியே இல்லை என்றால் பழைய கூட்டில் புது ரப்பர் வார்த்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அம்பாசடர்காரர்கள் அப்படித்தான் சமாளிக்கிறார்கள்.

புது மவுண்டிங் போட்டும் அதிர்வு போகவில்லையே?

பொருத்தின விதம் தப்பாக இருக்கலாம். ஜாக்கியில் என்ஜினைத் தூக்கிப் பிடித்தபடி ஒவ்வொன்றாக முழு இறுக்கு இறுக்கிவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்ட நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். எல்லா போல்ட்டையும் கையால் தளர்வாக மாட்டி, ஜாக்கியை இறக்கி, என்ஜின் தன் எடையில் தானாக உட்கார்ந்த பிறகு, லேசாக முன்னும் பின்னும் ஆட்டிவிட்டு அப்புறம் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் கம்பெனி அளவுக்கு இறுக்க வேண்டும். ஜாக்கி வைக்கும்போது ஆயில் சம்ப்பில் நேரடியாக வைக்கக் கூடாது, நடுவில் மரக்கட்டை. சில கார்களில் மவுண்டிங் போல்ட்டைக் கழற்றினால் புதுசுதான் போட வேண்டும் என்று கையேட்டிலேயே இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

மவுண்டிங் போன காரை ஓட்டினால் என்ன ஆகும்?

உடனே ஒன்றும் ஆகாது, அதுதான் ஆபத்து. பழகிப்போய்விடும். ஆனால் என்ஜின் கூடுதலாக ஆட ஆட அதோடு சேர்ந்த எல்லாமே இழுபடும்: சைலன்சரின் முன்பக்கம் இருக்கிற வளையும் குழாய் கிழியும், ரேடியேட்டர் ஹோஸ் உரசும், வயரிங் தேயும், ஆக்ஸில் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் தப்பான கோணத்தில் ஓடும், மற்ற மவுண்டிங்குகளும் சீக்கிரம் போகும். நூறு ரூபாய் தையல் விட்ட இடத்தில் வேட்டியே கிழிந்த கதை.

மழைத் தண்ணீரில் நின்ற காருக்கு மவுண்டிங் கெடுமா?

தண்ணீரால் ரப்பருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, போல்ட்டுகள் துருப்பிடிக்கும், அடுத்த முறை கழற்றும்போது மெக்கானிக் திட்டுவார். கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில். குறுக்கு என்ஜின் வந்தபிறகு எல்லாமே முன்பக்கம் ஒரே பெட்டிக்குள் அடைந்துவிட்டது, காற்று உறிஞ்சும் வாயும் பல கார்களில் கிரில்லுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அது மூழ்குகிற அளவுத் தண்ணீரில் ஓட்டினாலோ ஸ்டார்ட் செய்தாலோ சிலிண்டருக்குள் தண்ணீர் போகும். தண்ணீரைக் காற்று மாதிரி அமுக்க முடியாது, பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கிற கனெக்டிங் ராடு வளையும், என்ஜின் காலி. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தெருவோரம் நின்ற கார்களில், பதற்றத்தில் ஸ்டார்ட் செய்து பார்த்தவர்களுக்குத்தான் என்ஜின் செலவு பெரிதாக வந்தது. மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்துகிறவர்களைக் கிண்டல் செய்தவன்தான் நான், இப்போது செய்வதில்லை.

முன்னால் மோதினால் என்ஜின் உள்ளே வந்து காலில் இடிக்காதா?

அந்தப் பயம் நியாயமானது, டிசைன் செய்கிறவர்களுக்கும் உண்டு. பலத்த மோதலில் என்ஜின் நேராகப் பின்னால் வராமல் கீழே சரிந்து போகும்படி சில கார்களில் அமைத்திருப்பார்கள். 1997இல் வந்த மெர்சிடிஸ் ஏ கிளாஸில் என்ஜினையே சாய்த்து வைத்து, மோதினால் தரைக்கு அடியில் வழுக்கிப் போகும்படி தளத்தை இரண்டு அடுக்காகச் செய்தார்கள்.

கெட்டியான பாலியூரிதேன் மவுண்டிங் போடலாமா? கியர் சுத்தமாக விழும் என்கிறார்களே?

விழும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டுகிற காருக்குப் போடுங்கள். வீட்டம்மாவையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு ஊர் போகிற காருக்குப் போட்டால் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் திட்டு விழும்.

எலக்ட்ரிக் காரில் இந்தத் தொல்லை இல்லைதானே?

குறைவு, ஆனால் மவுண்டிங் அங்கேயும் உண்டு. எரிகிற அடி இல்லாததால் சிக்னலில் நடுக்கம் இல்லை. பதிலுக்கு மோட்டாரும் கியரும் எழுப்புகிற மெல்லிய விசில் மாதிரியான சத்தத்தை ரப்பர் வடிகட்ட வேண்டும், என்ஜின் இரைச்சல் இல்லாத காரில் அது ரொம்பவே காதில் விழும். நின்ற இடத்திலிருந்தே முழு டார்க்கும் ஒரே தள்ளாக வருவதால் உருளாமல் பிடிக்கிற வேலையும் அப்படியே இருக்கிறது. எங்கள் மூன்றாவது மாடிக்காரர் எலக்ட்ரிக் கார் வாங்கிய புதிதில் பானெட்டைத் திறந்து என்னைக் கூப்பிட்டு, "இதுல பார்க்க ஒண்ணுமே இல்லையே சார்" என்றார். குனிந்து மூடிக்குக் கீழே டார்ச் அடித்துக் காட்டினேன். ஆரஞ்சு கேபிளுக்கு அந்தப் பக்கம் அதே ரப்பர் உருண்டை, அதே பிராக்கெட்.